காந்தத்தில் ஒட்டிய காசு

பூதக்கண்ணாடி என்று அவளுக்குப் பெயர் வைத்தது கண்டக்டர்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு நின்றுவிட்டது. வயதில் சின்னவர்களான நாங்கள் பூதக்கண்ணாடி அக்கா என்போம். அவசரத்துக்கு அது "பூதக்கா" என்று சுருங்கும். "மெதுவாக் கூப்பிடுடி, கேக்கறவங்க பயந்து ஓடப்போறாங்க" என்பாளே தவிர, கோபப்பட மாட்டாள். அந்தப் பெயரில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

எங்களுக்கு வேலை பஸ் டிப்போவின் கேஷ் ரூமில். கண்டக்டர்கள் கட்டிவிட்டுப் போகும் சில்லறைப் பைகளை அவிழ்த்து மெஷினில் கொட்டுவோம். அது எண்ணிப் பிரித்துத் தருவதைக் காகிதத்தில் உருளையாகச் சுற்றி வங்கிக்கு அனுப்புவோம். ஜன்னல் கிடையாது. மெஷின் ஓடும்போது பக்கத்தில் இருப்பவள் பேசுவது கேட்காது, வாயசைவைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். வீட்டுக்குப் போய் எத்தனை சோப்புப் போட்டாலும் விரலில் அந்தக் காசு நாற்றம் இருக்கும். சோறு அள்ளும்போது மூக்குக்கு வரும்.

மெஷின் ஒத்துக்கொள்ளாத காசுகளை ஓரத்துத் தட்டில் துப்பிவிடும். வளைந்த காசு, வேற்று நாட்டுக் காசு, வாஷர், சட்டைப் பொத்தான், செல்லாமல் போன பழைய செப்புக் காசு எல்லாம் அதில் வந்து விழும். அதற்குக் கழிசல் தட்டு என்று பெயர். அதைப் பொறுக்கிப் பிரிக்கும் வேலையை எல்லோரும் அடுத்தவள் தலையில் கட்டப் பார்ப்போம். அக்கா மட்டும் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"மெஷினுக்குப் பிடிக்காததுதான்டி எனக்குப் பிடிக்கும்" என்பாள்.

காசு அடிக்கும் ஆலையில் தப்பு நடந்து, அது யார் கண்ணிலும் படாமல் வெளியே வந்துவிட்டால், அந்தக் காசுக்கு அதன் முகத்தில் எழுதியிருப்பதைவிடப் பல மடங்கு கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள் என்று அவள் எங்கோ படித்திருந்தாள். அதிலிருந்து பிடித்துக்கொண்டது. நூலகத்தில் புத்தகம் எடுத்தாள், நகைக்கடைக்காரர்கள் கண்ணில் மாட்டும் லென்ஸ் ஒன்று வாங்கினாள், சின்னத் தராசு ஒன்றும் வாங்கினாள். வருஷங்கள் போகப் போக டிப்போ முழுக்க அவளிடம் காசு காட்ட வர ஆரம்பித்தது.

அவள் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "இது பொறக்கும்போதே வந்த கோளாறா, பொறந்தப்புறம் பட்ட அடியா?"

ஆலைக்குள் நடந்த தப்புக்குத்தான் விலை. வெளியே வந்த பிறகு வண்டிச் சக்கரமோ சுத்தியலோ செய்ததற்கு விலை கிடையாது. காசின் மேல் ஒரு கோடு தெரிந்தால், நகத்தால் தடவிப் பார்க்கச் சொல்வாள். மேடாக இருந்தால் அச்சில் விரிசல், அது ஆலையில் நடந்தது. பள்ளமாக இருந்தால் யாரோ கீறியது. ஓரத்தில் கடித்த மாதிரி ஒரு துண்டு குறைந்திருந்தால், அதற்கு நேர் எதிர்ப்பக்க விளிம்பைப் பார்ப்பாள். தகட்டிலிருந்து வில்லை வெட்டும்போதே குறைந்து போயிருந்தால் எதிர்ப்பக்க விளிம்பும் சரியாக எழும்பாமல் சப்பையாக இருக்குமாம். அங்கே விளிம்பு நன்றாக நின்றால், "இது உங்க வீட்டு இடுக்கி பண்ண வேலை, எடுத்துட்டுப் போங்க" என்று திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

போனில் வரும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். "இந்தக் காசு உங்களிடம் இருந்தால் நீங்கள் கோடீஸ்வரர்" என்று எவனாவது சொல்லியிருப்பான். மறுநாள் அரை டிப்போ அவள் முன்னால் கையை நீட்டிக்கொண்டு நிற்கும். அக்கா லென்ஸை மாட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல காசுங்க. ஒரு டீ குடிக்கலாம்" என்பாள்.

விலை சொல்வதிலும் அவளிடம் குழைவு கிடையாது. கோளாறு சாதாரணக் கண்ணுக்கே தெரிய வேண்டும், காசு தேய்ந்திருக்கக் கூடாது, அதே மாதிரி இன்னொன்று சுலபமாகக் கிடைக்கக் கூடாது. "இதெல்லாம் இருந்தும், வேணும்னு ஒருத்தன் வரலைன்னா அது வெறும் தப்பான காசுதான்" என்பாள்.

ஒரு டிரைவர் ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து இரண்டு பக்கமும் தலை உள்ள காசு ஒன்றை வாங்கி வந்து காட்டினார். அக்கா அதைக் கல்மேடையில் தட்டிச் சத்தம் கேட்டாள். அது மண்சட்டி மாதிரி மந்தமாக ஒலித்தது. உள்விளிம்பில் லென்ஸை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"ரெண்டு காசைக் கடைஞ்சு ஒன்னுக்குள்ள ஒன்னைச் சொருகியிருக்காங்க, அண்ணே. இங்க பாருங்க, இணைப்பு தெரியுது."

அவர் பார்க்கவே இல்லை. காசைப் பிடுங்கிக்கொண்டு, "உனக்குப் பொறாமை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகு அவர் எங்கள் ஜன்னலற்ற அறை வாசலைக் கடக்கும்போதெல்லாம் காறித் துப்பிவிட்டுத்தான் போவார். "கொஞ்சம் நயமாச் சொல்லியிருக்கலாம்ல அக்கா" என்றேன். "போலியை எப்படிடி நயமாச் சொல்றது?" என்றாள்.

அவள் கணவருக்கு ஒரு முலாம் பட்டறையில் வேலை. குழாய், கைப்பிடி, கதவுக் கொண்டி, எதைக் கொடுத்தாலும் தொட்டியில் தொங்கவிட்டுப் பளபளவென்று எடுத்துத் தருவார். அதிகம் பேசாதவர். அமிலம் பட்டு அவர் விரல் நகமெல்லாம் மஞ்சளாகியிருக்கும். எதை வாங்கிக் கொடுத்தாலும் நன்றாக இருக்கிறது என்று சாப்பிடுவார், அக்கா எதைச் சொன்னாலும் சரி என்பார். இரண்டு பேருக்கும் பிள்ளை இல்லை. ஒரு மாடி வீட்டின் பின்பக்கத்தில் குடியிருந்தார்கள். சமையலறையில் புகை போக வழியில்லாமல் சுவரெல்லாம் கறுத்திருக்கும். "இவர் கடையில எது மேல எது பூசுவாங்கன்னு எனக்கு அத்துப்படி. பூச்சைப் பத்தி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்" என்று எங்களிடம் பீற்றிக்கொள்வாள்.

அந்தக் காசு வந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. கழிசல் தட்டில் பழைய செப்புக் காசுகள் கிடப்பது சாதாரணம். முன்பெல்லாம் அந்தக் காசைச் செம்பில் அடித்தார்கள். பிறகு செம்பு விலை ஏறியதும், ஒரு வருஷத்திலிருந்து வெள்ளையாக மின்னும் எஃகுக்கு மாறிவிட்டார்கள். மெஷினுக்கு வெள்ளை மட்டுமே தெரியும், செம்பைத் துப்பிவிடும். நாங்கள் அவற்றைப் பார்க்காமலே பையில் போடுவோம். அக்கா ஒவ்வொன்றாக வருஷம் பார்த்துப் போடுவாள்.

திடீரென்று அவள் கை நின்றது. மெஷினை நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டினாள்.

"இங்க வா. இதுல என்ன வருஷம் போட்டிருக்கு, படி."

படித்தேன். எஃகுக்கு மாறிய வருஷம். காசோ செம்பு நிறம்.

"ஆலைத் தொட்டி மூலையில பழைய வில்லை ரெண்டு மூணு ஒட்டிக்கிட்டிருக்கும். புது அச்சு வந்தப்ப அதுவும் சேர்ந்து அடி வாங்கியிருக்கும். இருக்கலாம். இல்ல, எவனாவது வெள்ளைக் காசுக்குச் செம்பு முலாம் பூசியிருக்கலாம். பொறு."

ஆணி, வாஷர் பொறுக்குவதற்கு எங்களிடம் காந்தம் ஒன்று இருந்தது. நாங்கள் எல்லோரும் மேஜையைச் சுற்றி நின்றோம். சூப்பர்வைசரும் வந்து நின்றார். உள்ளே எஃகு இருந்தால் மேலே என்ன பூசினாலும் காந்தம் கவ்விவிடும். அக்கா காந்தத்தை மெல்ல இறக்கினாள். காசு அசையவில்லை. மேலே வைத்துத் தூக்கினாள். ஒட்டவில்லை. பிறகு லென்ஸை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். வருஷத்தின் கடைசி எண்ணிலிருந்து விளிம்பு வரைக்கும் மயிரிழை போல ஒரு கோடு. நகத்தால் தடவினாள். மேடு.

"வருஷத்தைத் திருத்தல. எடை போட்டுப் பாக்கணும். ஆனா..." என்றாள். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எவ்வளவு போகும்?" என்றார் சூப்பர்வைசர்.

"நம்ம வேலையை விட்டுட்டு வீட்ல உக்காரலாம் சார்."

கழிசல் தட்டில் இருந்து ஒன்றை எடுத்தால் அதற்குப் பதிலாக நல்ல காசு ஒன்றைப் போட்டுவிட வேண்டும் என்பது எங்கள் அறையின் வழக்கம். சட்டத்தில் அப்படி எதுவும் கிடையாது. ஆனால் சூப்பர்வைசர் உட்பட எல்லோரும் செய்ததுதான். அவர் பேரனுக்கு வேற்று நாட்டுக் காசெல்லாம் அந்தத் தட்டிலிருந்துதான் போனது. அக்கா எல்லோர் கண் முன்னாலும் ஒரு வெள்ளைக் காசைப் போட்டுவிட்டு அதை எடுத்துக்கொண்டாள். "அடிச்சது யோகம்" என்று சூப்பர்வைசர் சிரித்தார். அவரே தன் போனில் படமும் எடுத்துக்கொண்டார்.

அந்தப் படம்தான் வினையானது. நம் டிப்போவில் கிடைத்த அதிசயக் காசு என்று அவர் நாலு பேருக்கு அனுப்ப, அது நாற்பது பேருக்குப் போய், கடைசியில் தலைமை அலுவலகத்தில் ஒருவர் கண்ணில் பட்டது. துறையின் பணத்தை ஊழியர் எப்படி வீட்டுக்குக் கொண்டு போகலாம் என்று கேள்வி வந்தது. சூப்பர்வைசர் கையைக் கழுவிக்கொண்டார். தான் அந்தக் காசைப் பார்க்கவே இல்லை என்றும், படம் யாரோ தனக்கு அனுப்பியது என்றும் எழுதிக் கொடுத்தார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை என்று கண்டக்டர்கள் சிரித்தார்கள்.

அக்காவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். விசாரணைக்கு வரும்போது காசைக் கொண்டு வந்து ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு. அவள் என் வீட்டுக்கு வந்து அழுதாள்.

"குடுத்துடறேன்டி. காசு போனாப் போகுது, வேலை மிஞ்சட்டும். கடைசியா ஒரு தடவை பாத்துட்டு, பஞ்சுல வச்சு, காகிதத்துல மடிச்சு பீரோவுல வச்சுட்டேன். இனி பிரிக்க மாட்டேன். பிரிச்சாக் குடுக்க மனசு வராது."

விசாரணை டிப்போ மேனேஜர் அறையில் நடந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார். காசைப் பரிசோதிக்க நகரத்தில் பெரிய நாணயக் கடை வைத்திருப்பவரை வரவழைத்திருந்தார்கள். மடிப்புக் கலையாத சட்டை, மெலிந்த விரல்கள், பேச்சில் அத்தனை மரியாதை. அக்காவோடு வேலை செய்தவள் என்று என்னையும் சாட்சிக்கு உட்கார வைத்திருந்தார்கள்.

அக்கா பையிலிருந்து காகித மடிப்பை எடுத்து வைத்தாள். அதிகாரி அதைப் பிரித்து, பஞ்சை விலக்கினார்.

நான் அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லென்ஸ் போடவில்லை, கையில் எடுக்கவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் கிடந்த காசை ஒரு பார்வை பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்தது. பின்னால் ஒருநாள் எனக்கு விவரமாகச் சொன்னாள். எழுத்துகளின் முனை மழுங்கியிருந்ததாம், பூச்சு ஏறினால்தான் அப்படி ஆகும். நிறம் ஒரே சீராக இருந்ததாம். வருஷத்தின் கடைசி எண்ணுக்குப் பக்கத்தில் அந்த மயிரிழைக் கோடு இல்லை. அப்படி ஒரு பூச்சை அந்த ஊரில் யாரால் பூச முடியும் என்பதும் அவளுக்கு அதே நொடியில் தெரிந்துவிட்டது.

"நீங்க கேஷ் ரூம்ல இருந்து எடுத்த காசு இதுதானா?" என்று அதிகாரி கேட்டார்.

அக்கா பிரித்த காகிதத்தை எடுத்து நாலாக மடித்தாள்.

"இதுதான்."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"இதுதான் சார்."

எழுதி, கையெழுத்து வாங்கினார்கள். அதன் பிறகுதான் நாணயக் கடைக்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்தார். காசுக்கு மேலே கொண்டுபோனார். காசு துள்ளி எழுந்து அதில் ஒட்டிக்கொண்டது. டிக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

"எஃகுக் காசு. மேல செம்பு முலாம். சந்தேகமே இல்ல" என்றார் அவர், வருத்தப்படுகிற மாதிரி.

என் கண்ணெதிரில் காந்தத்தில் ஒட்டாத காசு அது. வாயைத் திறக்க எழுந்தேன். அக்கா என் பக்கம் திரும்பாமலே, "நீ உக்காரு" என்றாள். அவள் அப்படி ஒரு குரலில் பேசி நான் கேட்டதில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

அதிகாரி பேனாவை மூடினார். "டிப்போ பூரா உங்களைத்தான் காசு நிபுணர்னு சொல்றாங்க. உங்க வீட்டுக்காரருக்கே முலாம் வேலை. அப்ப நீங்க ஏமாந்தீங்களா, இல்ல எங்களை ஏமாத்துறீங்களா?"

காசு மாறிவிட்டது என்று சொன்னால் அசல் எங்கே என்று கேட்பார்கள். அசல் எங்கே என்று தேடினால் கணவரின் கையில் விலங்கு விழும். அவளுக்கு மிச்சம் இருந்தது ஒரே பதில்தான்.

"ஏமாந்துட்டேன் சார். எனக்கு அவ்வளவா ஒன்னும் தெரியாது."

பூச்சைப் பற்றி யாரும் தனக்குப் பாடம் எடுக்க வேண்டாம் என்று பீற்றியவள் அவள்.

காசு போலியாக இருந்தாலும் எடுத்தது எடுத்ததுதான் என்று வேலையைப் பறித்துவிட்டார்கள். அது கூடப் பரவாயில்லை. பூதக்கண்ணாடிக்கே பூதம் காட்டிய காசு என்று டிப்போ முழுக்கச் சிரிப்பாய்ச் சிரித்தது. "முலாம்காரன் பெண்டாட்டிக்கு முலாம் தெரியலையாம்" என்று அந்த டிரைவர் கேன்டீனில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அவள் போலி என்று சொன்ன காசையெல்லாம் ஆட்கள் திரும்ப வெளியே எடுத்தார்கள். அவளே ஒரு தப்பு என்றால் அவள் சொன்னதெல்லாம் தப்புத்தானே!

வீட்டில் நடந்ததை அவளே என்னிடம் சொன்னாள். அவர் மறைக்கவில்லை.

"ஏங்க, நீங்கதானே மாத்தினீங்க?"

"ஆமா."

"ஏன்?"

"அவனுங்க தூக்கிட்டுப் போறதுக்கு நான் ஏன் விடணும்? நீ கண்ணு பூத்துப் போய்க் கண்டுபிடிச்சது. அதை ஒரு பெட்டியில போட்டுப் பூட்டி வைப்பான், இல்ல எவனாவது அமுக்குவான்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா உன் மூஞ்சி காட்டிக் குடுத்துடும். போலின்னு ஆயிட்டா உன்னைத் திட்டிட்டு விட்டுடுவாங்கன்னு நெனச்சேன். வேலையை எடுப்பாங்கன்னு யாரு கண்டா?"

"காசு எங்க?"

"பத்திரமா இருக்கு. கொஞ்ச நாள் போகட்டும்."

அக்கா அதை என்னிடம் சொல்லும்போது சிரித்தாள். "வாயில்லாப் பூச்சின்னு நெனச்சேன்டி. எனக்காக இவ்வளவு துணிஞ்சிருக்காரு பாரு" என்றாள். மானம் போனது, வேலை போனது, ஆனால் காசு இருக்கிறது. சூடு தணிந்ததும் வெளியூரில் விற்றுவிட்டு, சொந்தமாக ஒரு சின்ன வீடு வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று கணக்குப் போட்டாள். ஊர் சிரிக்கச் சிரிக்க அவள் தலையைக் குனிந்துகொண்டு நடந்தது அந்த நம்பிக்கையில்தான். அவர் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கியிருந்தார். முதலாளி முன்பணம் கொடுத்தாராம். அதன் பின்சீட்டில் உட்கார்ந்து அவள் கம்பெனி கம்பெனியாக வேலை தேடிப் போனாள். பண விஷயத்தில் நீக்கப்பட்டவள் என்றதும் எல்லோரும் கதவைச் சாத்தினார்கள்.

பல மாதம் கழித்து நாணய ஏலம் ஒன்றின் படங்கள் போனில் சுற்றி வந்தன. எனக்கும் வந்தது. எஃகு வருஷத்துச் செப்புக் காசு, ஒரு தனியார் சேகரிப்பிலிருந்து. ஏலம் போன தொகையைப் படித்துவிட்டு நான் பூஜ்யங்களை மறுபடி பார்த்தேன். படத்தைப் பெரிதாக்கினால், வருஷத்தின் கடைசி எண்ணிலிருந்து விளிம்பு வரைக்கும் ஒரு மயிரிழை ஓடியது.

காட்டலாமா வேண்டாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, எடுத்துக்கொண்டு போனேன். அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஈரக் கையோடு போனை வாங்கிப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்தாள். அரிசியை உலையில் போட்டாள். கணவர் வரும் வரைக்கும் வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தாள்.

அவர் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டாள். "அந்தக் காசைக் கொண்டாங்க, பாக்கணும்."

அவர் என்னைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார். மாற்றின அதே வாரத்திலேயே, விசாரணைக்கு முன்னாலேயே விற்றுவிட்டாராம். வீட்டில் வைத்திருக்கப் பயம். போலீஸ் வந்து பீரோவைப் புரட்டினால் என்ன செய்வது? விலை என்னவென்று அவருக்குத் தெரியாது. அவளிடம் கேட்டால் மாட்டிக்கொள்வோம் என்று கேட்கவில்லை. வாங்குகிறவர் சொன்னதுதான் விலை.

"எவ்வளவு குடுத்தான்?"

அவர் வாசலைக் காட்டினார். வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது.

"யாருகிட்ட வித்தீங்க?"

சொன்னார். விசாரணைக்குக் காந்தம் கொண்டு வந்தவர்.

மறுநாள் அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு அந்தக் கடைக்குப் போனாள். பஸ்ஸில்தான் போனோம். குளிரூட்டிய கடை, கண்ணாடி அடுக்குகள், ஒவ்வொரு காசுக்கும் கீழே கறுப்பு வெல்வெட். கடைக்காரர் எழுந்து நின்று, "வாங்கம்மா, உக்காருங்க" என்றார். எங்களுக்குத் தண்ணீர் வரவழைத்தார்.

"அன்னைக்கு விசாரணைக்கு வந்தப்ப என் காசு உங்க கடையில இருந்துச்சு. இல்லன்னு சொல்லுங்க."

"ஒரு செப்புக் காசு என்கிட்ட இருந்துச்சு. இல்லன்னு சொல்ல மாட்டேன்."

"தெரிஞ்சுக்கிட்டே வந்து, போலின்னு சொல்லிட்டுப் போனீங்க."

"மேஜை மேல இருந்தது போலிதானேம்மா? அதைப் பத்தித்தான் என்கிட்ட கேட்டாங்க. நான் ஒரு வார்த்தை பொய் சொன்னேனா, சொல்லுங்க?"

யோசித்துப் பார்த்தால் அந்த அறையில் அன்று பொய் சொன்னவள் அக்கா ஒருத்திதான்.

"நான் போலீசுக்குப் போவேன்."

"போகலாம். நீங்க எடுத்த காசு அந்தப் போலிதான்னு நீங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கீங்க. என் காசு வேற. அதை உங்க வீட்டுக்காரர்கிட்ட வாங்கினதுக்கு ரசீது வச்சிருக்கேன். போலீஸ் முதல்ல யார் வீட்டுக்கு வரும்னு யோசிச்சுக்குங்க." மிரட்டுகிற குரலே இல்லை. கைராசியான டாக்டர் நோயாளிக்குப் பத்தியம் சொல்கிற மாதிரி இருந்தது. பிறகு அதே குரலில் கேட்டார்: "இப்ப எங்க வேலை செய்றீங்க?"

அக்கா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"உங்க கண்ணு எனக்குத் தெரியும்மா. மூட்டை மூட்டையாச் சில்லறை வருது, பாக்க ஆள் இல்ல. பின்னாடி ரூம் இருக்கு. வாங்களேன்."

வெளியே வந்ததும் நான் அவனைத் திட்டித் தீர்த்தேன். அக்கா என்னோடு சேர்ந்து திட்டவில்லை. பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் அவள் அங்கே வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. வேறு யார் அவளுக்குச் சோறு போடப் போகிறார்கள் என்றும் தோன்றியது. டிப்போவில் வாங்கியதில் பாதிச் சம்பளம். கண்டுபிடிப்பதெல்லாம் கடைக்குச் சொந்தம்.

கணவரோடு ஒரே வீட்டில்தான் இருக்கிறாள். சமைத்து வைக்கிறாள், துணி துவைத்துப் போடுகிறாள். அவர் வண்டியில் மட்டும் ஏறுவதில்லை. "ஏதாவது பேசுன்னு அவகிட்ட சொல்லும்மா" என்று அவர் என்னிடம் வழியில் நிறுத்திக் கேட்டார். நான் என்னத்தைச் சொல்ல? எனக்கு அவரைத் திட்டவும் மனம் வரவில்லை. அவருடைய மஞ்சள் நகங்கள் கண்ணில் பட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

போன மாதம் அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தது. அக்காவைப் பார்க்கலாம் என்று கடைக்குள் நுழைந்தேன். முதலாளி வெளியே போயிருந்தார். அக்கா கவுன்டரில் நின்றாள். அவளுக்கு முன்னால் வீட்டு வேலைக்குப் போகிறவள் மாதிரி ஒரு பெண். கையில் ஒரு காசு. காசின் ஒரு பக்கம் பிறைபோல வெறுமையாக இருக்க, சித்திரம் முழுக்க மறுபக்கத்துக்கு நகர்ந்திருந்தது. எனக்கே தெரிந்தது. வில்லை சரியாக உட்காராமல் அச்சு மையம் தப்பி விழுந்திருக்கிறது. காசு புதுசு போல இருந்தது. நல்ல விலை போகும்.

அக்கா லென்ஸை மாட்டி இரண்டு பக்கமும் பார்த்தாள். எதிர்ப்பக்க விளிம்பைப் பார்த்தாள்.

"அடிபட்ட காசும்மா. இதுக்கு விலை இல்ல" என்றாள்.

அந்தப் பெண்ணின் முகம் சுருங்கியது. "வீடியோவுல காட்டினாங்களே..."

"அவங்க ஆயிரம் காட்டுவாங்க. வேணும்னா வச்சுட்டுப் போங்க. ஒரு நாள் கூலி தர்றேன்."

அந்தப் பெண் காசை வைத்துவிட்டு, பணத்தை வாங்கி எண்ணாமல் முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். கதவு மூடிய பிறகு நான் கேட்டேன்.

"அக்கா, அது பொறக்கும்போதே வந்த கோளாறுதானே?"

"ஆமா."

"பின்ன ஏன்?"

அக்கா லென்ஸைக் கழற்றித் துடைத்தாள். கண்ணைச் சுற்றி வளையமாக அதன் தடம் பதிந்திருந்தது.

"விலை சொன்னா வேற கடைக்குப் போயிடுவா" என்றாள். காசை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, மேலே என்னவோ எழுதி, பின்னறைக்கு எடுத்துக்கொண்டு போனாள். நான் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டேன்.